சிலிப்பர்க் கட்டைகளைக் கழற்றியவர்கள்

ஜூன் 9, திங்கள்

விழாக் குழுவோடு இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். சோளகக் காற்று, கண் முழுக்கப் புழுதி. சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு ஸ்டேஷனுக்கு.

ஸ்டேஷன் விழாக் குழு அதன் வரலாற்றுப் பலகையை டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டது. வெள்ளிக்கிழமை திறப்பு. எழுதிக் கொடுத்தவன் நான். கீழே பெயர் ரகுநாதனுடையது. என்னோடு படித்தவன், லண்டனில் இருந்து வந்து குழுத் தலைவர். அதைக்கூடப் பொறுப்பேன். பள்ளிக்கூடத்திலும் என் கணக்கைப் பார்த்து எழுதியவன்தான்.

ஒரு வரியை மாற்றியிருக்கிறான். நான் எழுதியது: 'யுத்தத்தில் ரயில் நின்ற பின் சனங்கள் தண்டவாளத்துக்குக் கீழிருந்த சிலிப்பர்க் கட்டைகளைப் பதுங்குகுழிகளுக்கு எடுத்தார்கள்.' பலகையில்: 'பாதை விஷமிகளால் களவாடப்பட்டது.'

விஷமிகள். அப்பா இதே கவுண்டரில் டிக்கெட் கொடுத்தவர். தண்டவாளத்தைக் குறுக்கே கடப்பவர்களை ஏசுகிற மனுஷன். கடைசியில் அவரே அலவாங்குக் கம்பி பிடித்துக் கட்டை கிளப்பினார். எங்களுக்கும் பக்கத்து வீட்டுக்கும் பொதுவான பதுங்குகுழிக்கு மேலே போட. வீட்டு வளவுக்குள் ஷெல் விழுந்த அன்று இரண்டு குடும்பமும் அதற்குக் கீழே. மண் சரிந்தது. கட்டை தாங்கியது. அந்தத் தார் மணம் இன்னும் மூக்கில்.

ஜூன் 10, செவ்வாய்

வாங்க: கோதுமை மா, பல்பு, அம்மாவின் பிரஷர் குளிசை.

ரகு வீடு. பிளேன்டீ தந்தான், சீனி வேணுமா என்று கேட்காமலே, சீனி இல்லாமல்.

"உன்ரை எழுத்து நல்லது மச்சான். ஆனா பங்கர், ஷெல் உதெல்லாம் இப்ப ஏன்? வெளியாக்கள் வருகினம். ஸ்டேஷன் திரும்ப எழும்பின கதைதான் வேணும்."

"அப்ப எடுத்தவை கள்ளரோ?"

"ஒருத்தரின்ரை பேரும் போடேல்லையே."

"உன்ரை கொப்பர் வெட்டின பங்கருக்கு மேலை என்ன கிடந்தது? பனங்குத்தியோ?"

போனை எடுத்துப் பார்த்தான். ஒரு அழைப்பும் வரவில்லை.

"பலகை அடிச்சாச்சு. இனி மாத்த ஏலாது."

ஜூன் 12, வியாழன்

வங்கி வேலை முடியவில்லை, நாளைக்கு வரட்டாம். வெக்கை. பிறகு ஸ்டேஷன், ஏன் போனேனோ. கொழும்பு ரயிலுக்குக் கூட்டம். பலகைக்கு முன்னால் இரண்டு பெடியள், தோளில் பை.

"எங்கடை சனம் றெயில் பாதையையும் விடேல்லையடா."

"இரும்புக் கடையிலை வித்திருப்பாங்கள்."

சிரிப்பு. நான் பின்னால் நின்றேன். ரயில் வந்தது, ஏறிவிட்டார்கள். கொழும்பு வரை அந்தக் கதையோடு.

ஜூன் 13, வெள்ளி

திறப்புக்குப் போகவில்லை. போனவர்கள் வடை நல்லதென்றார்கள்.

பத்திரிகைக்குக் கடிதம். முதலில் நாலு பக்கம், பெரும்பாலும் ரகுவைப் பற்றி. கிழித்தேன். இப்போது ஒரு பக்கம். கட்டைகளும் ஷெல்லும், யார் எடுத்தார்கள், எதற்கு என்பதும் மட்டும்.

மனைவி வாசித்தாள்.

"உங்கடை பேர் போட்டால் 'உவருக்கு ரகுவோடை கோவம்' எண்டு சொல்லிப்போட்டு விட்டிடுவினம்."

"கோவம் இல்லையெண்டு ஆர் சொன்னது?"

"அதைத்தானப்பா சொல்லுறன். உங்களுக்கு ஆரோடை கோவமில்லை?"

கோயில் சபை, நூலகம், சங்கக்கடை. எல்லா இடத்திலும் எனக்கு முன்னே என் சண்டை போய் நிற்கிறது. அவள் சொல்வது சரி. சரியாக இருப்பதுதான் எரிச்சல்.

என் பெயரை எடுத்தால் அப்பாவின் பெயரும் நிற்க முடியாது. அதிலிருந்து என்னைப் பிடித்துவிடுவார்கள். அரை மணித்தியாலம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்டினேன். 'கவுண்டரில் டிக்கெட் கொடுத்த ஒருவர்' என்று எழுதினேன்.

கையெழுத்து இல்லை. நாளைக்குத் தபாலில் போடுகிறேன்.