எங்கள் ஓட்டவீரருக்கு விருந்து வைப்பது தொடர்பாக

அனுப்புநர்:
திருமதி விமலராணி தேவராசா,
சமையற் பொறுப்பாளர், ஸ்பீட்வே கழகம்,
ஸ்கீவ.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
யூலாந்துத் தமிழர் ஒன்றியம்.

விடயம்: ஒன்றியத்தின் விளையாட்டுச் செயலாளர் திரு. மரியரட்ணம் எங்கள் வீரரைச் சாப்பாடு காட்டி இழுப்பது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் கணவரும் இவ்வூர்க் கழகத்தில் நெடுநாள் தொண்டர்கள். பிரேக் இல்லாத மோட்டார் சைக்கிளில் மண்பாதையைச் சுற்றும் இந்த ஸ்பீட்வே ஓட்டத்தை முதலில் பார்த்தபோது விசர் வேலை என்றுதான் நினைத்தேன். இப்போது புதன்கிழமைப் போட்டி இல்லாவிட்டால் எனக்கு அந்த வாரமே ஓடாது.

2. சென்ற மாரியில் எங்கள் அனுசரணையாளரான தளபாடக் கடை பூட்டப்பட்டது. பணம் கொடுத்து வீரர் எடுக்க வழியில்லை. ஆகவே போலந்துக்காரரான தோமாஷிடம், சம்பளம் குறைவு, ஆனால் எங்கள் வீட்டில் அறையும் மூன்று நேரச் சாப்பாடும் என்று பேசினோம். வந்தார். புட்டும் சம்பலும் பிடித்துப்போயிற்று. கழகமும் வெல்லத் தொடங்கியது. எல்லோரும் சந்தோஷமாக இருந்தோம், இன்றும் இருக்கிறோம். குறை ஒன்றுதான்.

3. திரு. மரியரட்ணம் இந்த வசந்தத்தில் வசதியான வேறொரு கழகத்தின் நிர்வாகசபையில் சேர்ந்தார். மாதா திருவிழாப் பூசை முடிந்ததும் தோமாஷை வீட்டுக்கு அழைத்துப் போய், மனைவி ஞானமலர் வைத்த கணவாய்க் கறியைக் கொடுத்து, தம் கழகத்துக்கு வரும்படி கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் தோமாஷுக்கு அங்கேதான் சாப்பாடு. திரு. மரியரட்ணத்தைத் தொலைபேசியில் கேட்டேன். "விமலா அக்கா, நான் களவெடுக்கேல்லை. பெடியனுக்குப் பசிச்சுது, சாப்பாடு போட்டனான்" என்கிறார்! எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

4. கழகம் மாறுவதற்குக் கடைசி நாள் இம்மாத முடிவு. தோமாஷ் போனால் அணிக்கு ஆள் போதாது, கழகத்தையே பூட்ட வேண்டியதுதான். எங்களிடம் இருப்பது என் அடுப்பு மட்டுமே.

எனவே, மாதம் முடியும்வரை தோமாஷுக்குத் திரு. மரியரட்ணம் வீட்டில் விருந்து வைக்கக்கூடாதென்று உத்தரவிடுமாறு வேண்டுகிறேன்.

அது முடியாதென்றால் இன்னொரு கோரிக்கை. சென்ற ஞாயிறு சண்டை பிடிக்கவென்றே அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஞானமலர் என்னையும் இருத்திச் சாப்பாடு போட்டார். ஐயா, உண்மையைச் சொல்ல வேண்டும். அந்தக் கறி என்னுடையதைவிடத் திறம். இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். ஆகையால் அதன் செய்முறையை, ஒரு சாமானும் ஒளிக்காமல், ஞானமலரின் கையொப்பத்துடன் வாங்கி அனுப்பினால் இப்புகாரை மீளப் பெற்றுக்கொள்வேன்.

தங்கள் பதிலை நம்பிக் கணவாயை இப்போதே வாங்கிப் பிறீசரில் வைத்திருக்கும்,

வி. தேவராசா

இடம்: ஸ்கீவ
திகதி: 09.06.2025