மணியக்கா தரும் கடைசி அடி

ஜூலை 9, இரவு

என் நெட்டைக்கு,

போர்வைக்குள் டார்ச்சை வைத்துக்கொண்டு எழுதுகிறேன். அப்பா இருமினாலே டார்ச்சை அணைத்துவிடுகிறேன். நீ ஊர் மாறிப் போய் ஒரு வருஷமாகியும் உன்னிடம்தான் சொல்ல முடிகிறது.

பள்ளியில் மணி அடிக்கும் நம் மணியக்காவை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். நேற்று கடைசி வகுப்பில் வைக்கவிருந்த கணக்குத் தேர்வுக்குப் பயந்து, முக்காலியில் ஏறி, மணிக்கு மேலே இருக்கும் கடிகாரத்தின் முள்ளைப் பதினைந்து நிமிடம் முன்னே தள்ளிவைத்தேன். அதைப் பார்த்து அக்கா பள்ளி விடும் மணியை அடித்துவிட்டார். கூட்டிப்போக ஆள் வருமுன் வெளியே ஓடிய ஒன்றாம் வகுப்புக் குழந்தை மேல் சைக்கிள் மோதிக் கை முறிந்துவிட்டது. சீக்கிரம் வீட்டுக்குப் போக அக்காவே முள்ளைத் தள்ளினார் என்கிறார்கள்.

நினைவிருக்கிறதா? உங்கள் வீட்டில் எது பாவம், எங்கள் வீட்டில் எது பாவம் என்று நோட்டில் நடுவே கோடு போட்டு எழுதினோமே. அவரவர் அத்தையின் சமையலைக் குறை சொல்வது மட்டும் இரண்டு பக்கமும் இருந்தது. நான் செய்தது எந்தப் பக்கம்? உங்கள் சாமியிடம் கேட்டுச் சொல்.

உன் குட்டை


ஜூலை 14

அடி குட்டை,

நோட்டு என்னிடம்தான் இருக்கிறது. பிரார்த்தனையில் சிரிப்பது இருக்கிறது, ஈரக்காலோடு உள்ளே வருவது இருக்கிறது. இது எந்தப் பக்கமும் இல்லை. மன்னிப்புக் கேட்க எங்கள் வீட்டில் ஒரு வழி, உங்கள் வீட்டில் ஒரு வழி. எதைச் செய்தாலும் அக்காவுக்கு வேலை திரும்பாதேடி.

சாயங்கால மணி அடிக்கும்போது முக்காலியில் நம்மை ஏற்றிவிட்டு, "கடைசி அடி உனக்குடி. சாப்பிடலையா? ஓங்கிப் போடு!" என்பாரே. நீ போய்ச் சொல்லிவிடு. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது.

நெட்டை


ஜூலை 29

நெட்டை,

உன் கடிதம் வந்த மறுநாளே தலைமையாசிரியையிடம் சொல்லிவிட்டேன். ஒரு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது என்றார். அப்பா அடிக்கவில்லை.

அக்காவை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டுக்கொண்டார்கள். இன்று நான் பள்ளிக்குப் போனபோது மணிக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். "நான்தான்க்கா" என்றேன்.

"தெரியும். முக்காலியை எடுத்த இடத்துல வைக்கலையே நீ."

"அப்புறம் ஏன்க்கா சொல்லல?"

"நீ வருவேன்னு பார்த்துக்கிட்டே இருந்தேன்."

நான் போய்ச் சொல்லும்வரை பத்து நாள் பார்த்திருக்கிறார், நெட்டை. நோட்டில் முள்ளைத் தள்ளியதை எழுதாதே. அந்தப் பத்து நாளை எழுது. நடுக்கோட்டின் மேலேயே எழுது.

சாயங்காலம் வழக்கம்போல முக்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். கடைசி அடியையும் அவரே அடித்தார்.

குட்டை