புளி போட்டு விளக்கிய பந்தய மோட்டார்

கருகிய விளக்கெண்ணெயின் நாற்றம் இன்று காலையும் என் சோற்றில் இருந்தது. சீயக்காய் போட்டுக் கழுவினேன், சாம்பல் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணை விட்டுப் போகவில்லை. குமட்டிக்கொண்டு வந்ததால் பாதியில் எழுந்துவிட்டேன். நீ ஒரு நாளும் இந்த நாற்றத்துக்கு முகம் சுளித்ததில்லை. "ஊர்ல புருஷம்மார் மேல சந்தனம் மணக்கும், சவ்வாது மணக்கும். எனக்கு வாச்சது வெளக்கெண்ண" என்று சொல்லிக்கொண்டே கைக்குத் தண்ணீர் ஊற்றுவாய். பந்தய மோட்டாரின் இஞ்சின் சூட்டுக்கு அந்த எண்ணெய்தான் தாங்கும் என்று நான் விளக்கினால், "ஏங்க, அதுக்கும் வயித்துக் கோளாறா?" என்பாய்.

அந்த வண்டி வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். மலைத் தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது கழித்துவிட்டுப் போனது. ஒரு காலத்தில் பட்டணத்துப் பந்தயங்களில் ஓடியதாம். கூரை கிடையாது, கதவு கிடையாது, இரண்டே பேர் உட்காரலாம். உள்ளே பழைய விளக்கெண்ணெய் கருகிப் பிசினாக ஒட்டி, இஞ்சின் இறுகிப் போயிருந்தது. மாடு கட்டி இழுத்துத் தெருவுக்குள் கொண்டுவந்தேன்.

"என்ன வே, பட்டணத்துல இஞ்சின் படிப்புப் படிச்சது மாடு பத்தவா?" என்றார் எதிர்வீட்டு அண்ணாச்சி. தெருவே சிரித்தது. நீ மட்டும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தாய்.

"இது ஓடுமா?"

"ஓடும். தை மாசம் பாளையங்கோட்டை மைதானத்துப் பந்தயத்துல, தொரமாரு குதிர ஓட்டுத தடத்துலயே ஓடும்."

"அந்த ரெண்டாவது எடத்துல யாரு இருப்பா?"

"ஓடும்போது இஞ்சினுக்கு எண்ண பம்பு அடிக்கணும். அதுக்கு ஒரு ஆளு."

"நான் இருக்கேம்லா."

"ஏட்டி, ஊரு சிரிக்கும்."

"இப்ப மட்டும் என்ன, அழுதாகளாக்கும்?"

பஞ்சாலையில் இஞ்சினைப் பார்த்துவிட்டு வந்து, மாலையில் நம் தொழுவத்தில் இந்த இஞ்சினைப் பார்ப்பேன். பசுவை ஓரமாகக் கட்டிவிட்டு நீயும் வந்துவிடுவாய். ஓடாத வண்டியில் உட்கார்ந்து பம்பை அடித்துப் பழகினாய். மாவாட்டுகிற கை, தாளம் தப்பவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்தால், நான் கழற்றி வைத்திருந்த கார்புரேட்டரைக் காணவில்லை. பெட்ரோலையும் காற்றையும் கலந்து இஞ்சினுக்கு அனுப்புகிற பித்தளைச் சாமான். கிணற்றடியில் குத்துவிளக்கு, செம்பு, தாம்பாளம் இவற்றோடு அதுவும் கவிழ்ந்து கிடந்தது. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்திருந்தாய். பொன்னாக மின்னியது.

"ஏட்டி, இத எதுக்கு எடுத்த?"

"வெள்ளிக்கெழம பித்தள வெளக்குதோம். இது மட்டும் களிம்பேறிக் கெடக்கவா?"

உள்ளே முடி நுழைகிற துளைகள் இருக்கின்றன, புளிச்சக்கை போனால் அடைத்துக்கொள்ளும் என்று காட்டினேன். கோபப்பட நினைத்துச் சிரித்துவிட்டேன். அன்றிலிருந்து பழைய சேலையைக் கிழித்துத் திரி திரித்து, ஒவ்வொரு துளையிலும் செருகிவிட்டுத்தான் விளக்குவாய். விளக்கு ஏற்றுகிற வீடுகளில், மோட்டாருக்கும் வெள்ளிக்கிழமை பார்த்த வீடு நம்முடையது ஒன்றுதான்.

ஐப்பசி மழையோடு வாந்திபேதி தெருவுக்குள் வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பித்தளை விளக்கினாய். அடுத்த வெள்ளிக்கு நீ இல்லை.

பதினாறாம் நாள் விருந்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. உன் பேரைச் சொல்லிப் போட்ட இலையில் பாயசத்தை வழித்து வழித்து நக்கினார்கள். வடை மொறுமொறுப்பாக இல்லை என்று ஒருவர் குறைப்பட்டார். என் அண்ணன் ஏப்பம் விட்டுக்கொண்டே சேரன்மகாதேவிப் பண்ணையாரைத் தொழுவத்துக்குக் கூட்டிவந்தான். அவர் வெற்றிலைச் சாறு ஒழுக, நீ விளக்கி வைத்த வண்டியின் முன்விளக்கைத் தட்டிப் பார்த்தார்.

"தம்பி, தையில நம்ம பையனுக்குக் கல்யாணம். மாப்பிள்ள ஊர்வலத்துக்கு இது போதும். பூவச் சுத்திட்டா பழசுன்னே தெரியாது."

அண்ணன் என் காதருகே குனிந்தான். "குடுத்துரு லே. சாத்தான்குளத்துல உனக்கும் ஒரு எடம் பாத்திருக்கு. அந்தப் பந்தல்லயே பேசி முடிச்சிருவோம்."

அவன் மூச்சில் ஏலக்காய் மணத்தது. எனக்கு அழுகை வரவில்லை. அவன் வாய் மட்டும் தெரிந்தது. நெய் பூசிய உதடு, பல்லிடுக்கில் முந்திரி. நான் பேசாமல் நின்றதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

மார்கழி முழுக்க, கழற்றியதை எல்லாம் வண்டியில் திரும்பப் பூட்டினேன். கை வேலை செய்தது. நான் அதில் இல்லை. நேற்று முதல்முறையாக இஞ்சினைக் கிளப்பும் கைப்பிடியைச் சுழற்றினேன். இருமியது, அணைந்தது. மறுபடியும் அப்படியே. அந்நேரம் பார்த்து அண்ணனும் பண்ணையாரும் செவ்வந்தி மாலையோடு வந்து நின்றார்கள்.

"ஓடலேன்னா என்ன வே? மாட்டக் கட்டி இழுத்துட்டாப் போச்சு" என்றார் பண்ணையார். கேட்காமலே ஒரு மாலையை எடுத்து இரண்டாவது இருக்கையில் போட்டார்.

கார்புரேட்டரைத் திறந்தேன். பெட்ரோல் வருகிற துளையின் வாயில் ஒரு நார் சுருண்டு கிடந்தது. ஊசியால் எடுத்து உள்ளங்கையில் வைத்தேன்.

"என்னலே அது?" என்றான் அண்ணன்.

"புளிநாரு."

"சீ! தூரப் போடு."

கடைசி வெள்ளியில் ஒரு துளைக்குத் திரி செருக மறந்திருக்கிறாய். நோய் அப்போதே தொடங்கியிருக்குமோ என்னவோ. தூரப் போடு என்கிறான். உன் கை பட்டு வீட்டில் மிச்சமிருந்ததை எல்லாம் இவர்கள்தான் ஏற்கெனவே ஆற்றில் விட்டுவிட்டார்களே. திரிக்கென்று நீ தொழுவத்தில் போட்டு வைத்த சேலை ஒன்றுதான் இவர்கள் கண்ணுக்குத் தப்பியது.

"அண்ணே, வண்டி கல்யாணத்துக்கு வராது. நானும் எந்தப் பந்தலுக்கும் வர மாட்டேன்."

"பைத்தியமா லே உனக்கு? பெரிய மனுசருக்கு வாக்குக் குடுத்தாச்சு."

"குடுத்தது நீங்க."

மாலையை எடுத்துப் பசுவின் முன்னால் போட்டேன். கார்புரேட்டரைப் பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றியதும் இஞ்சின் பிடித்துக்கொண்டது. தொழுவம் முழுக்கக் கருகிய எண்ணெய்ப் புகை. பண்ணையார் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். அண்ணன் திட்டிக்கொண்டே பின்னால் போனான். நான் புகைக்குள் நின்றேன். எனக்கும் குமட்டியது. ஆனாலும் நின்றேன்.

சனிக்கிழமை பந்தயம். புது வண்டிகளுக்கு முன்னால் இது ஜெயிக்காது. தடத்தைச் சுற்றி முடித்தால் போதும். இரண்டாவது இடத்தில் யாரையும் ஏற்றப் போவதில்லை. எண்ணெய்ப் பம்பை என் இடது கைக்கு எட்டும்படி மாற்றி வைத்துவிட்டேன். உன் தாளம் எனக்கு வரவில்லை, பழகிக்கொண்டிருக்கிறேன்.

நாளை வெள்ளிக்கிழமை. புளி ஊறப் போட்டிருக்கிறேன். திரி எல்லாம் திரித்தாயிற்று, உன் கத்தரிப்பூச் சேலையின் முந்தியில்.