என் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட்

நவம்பர் 3, திங்கள்

விடியும்போதே தூறல். ஸ்கூட்டர் சீட்டைத் துடைத்துத் துடைத்துக் கை ஓய்ந்தது. காலையில் சேலையூர், அப்புறம் பெரும்பாக்கம், சாயங்காலம் பல்லாவரம். மூன்று வீட்டிலும் பிசியோதெரபி. வலிக்கு வைக்கும் மெஷினை ரெயின்கோட்டுக்குள் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு போனேன். நான் நனைந்தால் தும்மல். அது நனைந்தால் பிழைப்பே போச்சு. கார் வாங்கியே ஆக வேண்டும். என் சம்பாத்தியம், என் கார்.

ஓட்டிப் பார்த்தது இரண்டு. ஒன்று முழு மின்சார செடான், வெள்ளை, சத்தமே இல்லை. இன்னொன்று பிளக்-இன் ஹைப்ரிட். அதில் பிளக்கும் உண்டு, பெட்ரோல் டேங்கும் உண்டு. எனக்கு வெள்ளைதான்.

சாப்பிடும்போது இவர்: "ஹைப்ரிட்தான் ஜரீனா. சார்ஜ் தீர்ந்து ஒரகடம் ரோட்ல நின்னா யாரு வருவா?"

"நான் எதுக்குங்க ஒரகடம் போறேன்?"

ரசம் ஊற்றிக்கொண்டார்.

மறக்கக்கூடாது: மஞ்சள்தூள், முழங்கால் பெல்ட் இரண்டு, ஸ்கூட்டர் பிரேக்.

நவம்பர் 4, செவ்வாய்

நல்ல வெயில். துணியெல்லாம் காய்ந்தது.

இவருக்கு நாளுக்கு ஒரு காரணம். நேற்று ஒரகடம், இன்று வெள்ளம். "தண்ணி வந்தா கரெண்ட்ட நிறுத்திடுவாங்க. அப்ப என்ன பண்ணுவ?" தண்ணீர் வந்தால் ஊரே வண்டியை மேம்பாலத்தில் ஏற்றி நிறுத்துகிறது. பெட்ரோல் வண்டி மட்டும் என்ன நீந்தவா போகிறது? கேட்டேவிட்டேன்.

"எல்லாத்துக்கும் ஒரு வாய்" என்றார். ஆமாம், வாய்தான். இல்லாவிட்டால் இந்த வீட்டில் பிழைக்க முடியுமா?

எவ்வளவு சுற்றினாலும் ஒரு நாளைக்கு ஐம்பது கிலோமீட்டர் தாண்டாது. கீழே என் பார்க்கிங்கில் ஒரு பிளக் பாயின்ட் இருந்தால் போதும். பாயின்ட் என்ற வார்த்தையைக் கேட்டதும் இவர் டி.வி. சத்தத்தைக் கூட்டினார். ஏதோ இருக்கிறது.

நவம்பர் 6, வியாழன்

மறுபடி மழை. குட்டு உடைந்தது.

வாட்ச்மேன் அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டே: "இன்னாம்மா, கரெண்ட் வண்டி வாங்கப் போறீங்களாமே? நம்ம பில்டிங்ல அதெல்லாம் நடக்காதும்மா. ரெண்டாவது மாடித் தம்பி கேட்டுகினே கீது. சார் வுடலியே."

எந்த சார்? அசோசியேஷன் செக்ரட்டரி சார். என் வீட்டுக்காரர்!

நேராக இரண்டாவது மாடி. கார்த்திக், மறைமலை நகரில் வேலை, வாடகைக்கு இருக்கும் பையன். மின்சார கார் வைத்திருக்கிறான். "கேட்டேன் அக்கா. மீட்டிங்ல நான் பேச ஆரம்பிச்சதுமே சார், 'ஓனர்ஸ் மட்டும்தான் பேசணும், ஓட்டும் ஓனருக்குத்தான்'னுட்டாரு. அப்புறம் எல்லாரும் வேணாம்னு கை தூக்கிட்டாங்க. தெனமும் ஜி.எஸ்.டி. ரோட்ல சார்ஜ் ஏத்திட்டுத்தான் வீட்டுக்கு வரேன்."

அப்படியானால் ஒரகடமும் இல்லை, வெள்ளமும் இல்லை. ஊரான் பிள்ளைக்கு முடியாது என்றதைப் பெண்டாட்டிக்கு எப்படிக் கொடுப்பது, அதுதான் விஷயம். இவரிடம் நேராகவே கேட்டேன். ஹைப்ரிட்டுக்கும் பிளக் வேண்டுமே?

"பெட்ரோல்லயே ஓட்டிக்கலாம்."

அடப்பாவி மனுஷா! பெரிய பாட்டரிக்கும் சேர்த்து விலை கொடுத்து, அதைச் சும்மா சுமந்துகொண்டு, பங்க்கில் வரிசையில் நிற்க வேண்டுமாம்.

"எல்லாரும் சிரிப்பாங்க ஜரீனா. என் மானம் போயிடும்" என்றார். பாவமாகத்தான் இருந்தது. பாவம் பார்த்து ஐம்பது தவணை கட்ட என்னால் முடியாது.

நவம்பர் 7, வெள்ளி

மேகமூட்டம். இவர் ஜும்ஆ தொழுகைக்குப் போனதும் மூன்றாவது மாடி கீதா அக்காவுக்கு முழங்கால் பயிற்சி. காலை நீட்டச் சொல்லிவிட்டுப் புலம்பித் தீர்த்தேன். ஓனராம், பெரிய ஓனர்! லோன் வாங்கும்போது பெண்கள் பேரில் வட்டி கம்மி என்று வீட்டை என் பேரில் எழுதியது இவர்தானே?

அக்கா நீட்டிய காலை மடக்கிவிட்டார். "ஏய், எங்க வீடும் என் பேர்லதான்டி. அதே வட்டிக்காகத்தான்."

"அப்போ மீட்டிங்ல கை தூக்குற ஆம்பளைங்கல்லாம் யாருக்கா?"

இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்குக்குக் கூப்பிட வீடு வீடாக ஏறி இறங்கினேன். பத்து வீட்டில் ஆறு, பெண்கள் பேரில். ஒருத்தரும் ஒரு மீட்டிங்குக்கும் வந்ததில்லை, நான் உட்பட.

அந்த ஆறில் ஸ்டெல்லா மிஸ் மட்டும் தயங்கினார். "எங்க வீட்டுக்காரர் கோச்சுப்பாரு ஜரீனா."

"கோச்சுக்கட்டும் மிஸ். நம்மள என்ன கடிச்சா தின்னுடப் போறாங்க?"

கரண்டி கையோடு யோசித்தார். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

மழை விட்டது. கார் பார்க்கிங்கில் மீட்டிங். பிளாஸ்டிக் நாற்காலி, இஞ்சி டீ, கொசு.

நாங்கள் வரிசையாகப் படியிறங்கியதும் கீதா அக்கா வீட்டுக்காரர் பதறி எழுந்தார். "என்னாச்சு, கேஸ் லீக்கா?"

"ஒண்ணும் இல்ல. நீங்க எழுந்துக்கங்க, நான் உக்காரணும். முட்டி வலி" என்றார் அக்கா.

நான் நின்றுகொண்டே பேசினேன். யாருக்கு வேண்டுமோ அவரவர் பார்க்கிங்கில் சார்ஜ் பாயின்ட். அவரவர் செலவு, அவரவர் மீட்டர். வாடகைக்கு இருப்பவர்களுக்கும் உண்டு.

ட்ரெஷரர் சிரித்தார். "சார்தான் இருக்காரே, நீங்க எதுக்கு மேடம் சிரமப்படுறீங்க?"

"ஓனர்தான் பேசணும்னு ரூல் சார். ஓனர்தான் பேசறேன்."

சிரிப்பு நின்றது. இவர் தரையைப் பார்த்தபடி, "வேணும்ங்கறவங்க கை தூக்குங்க" என்றார். ஐந்து கை. ஸ்டெல்லா மிஸ் புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு ஆறாவது கை, வீட்டுக்காரர் பக்கமே திரும்பாமல்.

"வேணாம்ங்கறவங்க." மூன்று கை. நாலாவதாக, பழக்கத்தில், இவர் கை எழுந்தது. பாதியில் நின்றது. என்னைப் பார்த்தார். நான் கண்ணை எடுக்கவில்லை.

என் நிக்காஹ் அன்று கையெழுத்துப் போட்ட கை அது. எனக்குப் பிடித்த கைதான்.

"அது செல்லாதுங்க" என்றேன்.