பிரவுசரில் சரியாக ஓடியது

மார்ச் 4

"மெஷின் ரிப்பேர் பாக்குற உனக்கு அசெம்பிளி எதுக்கும்மா?" என்று சூப்பர்வைசர் நக்கலடித்தார். எதற்கா? எங்கள் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் மூன்று இன்குபேட்டர். சூடு மாறினால் அடிக்க வேண்டிய அலாரம் கதவைத் திறந்தாலே அலறுகிறது. செய்த கம்பெனியை மூடியாச்சு. கையில் இருப்பது சிப்புக்குள் ஓடும், அசெம்பிளி மொழியில் எழுதிய புரோகிராமின் முப்பது பக்கப் பிரிண்ட். நானே படித்துத் திருத்தினால்தான் உண்டு.

மார்ச் 9

பிரவுசரிலேயே பழக ஒரு தளம் கிடைத்தது. இடது பக்கம் நான் எழுதும் வரிகள். வலது பக்கம் சிப்பின் நினைவகம், கட்டம் கட்டமாக. பட்டனை அமுக்கினால் ஒரு வரி ஓடும், எந்தக் கட்டத்தில் எந்த எண் மாறுகிறது என்று தெரியும். இரண்டு எண்ணைக் கூட்டவே அரை நாள் போச்சு. வரியை இடம் மாற்றிப் போட்டுவிட்டு கம்ப்யூட்டரைத் திட்டிக்கொண்டிருந்தேன். போனில் அக்கா சிரித்தாள். "ஏழு மாச வயித்தைத் தூக்கிட்டு நான் நடக்குறேன், நீ உக்காந்து கூட்டல் கணக்குப் போடுறியா?"

மார்ச் 20

முடிந்தது. கதவு திறந்ததும் ஒரு கட்டத்தில் 1. அது இருக்கும்வரை அலாரம் வாயை மூடிக்கொள்ளும். கதவை மூடினால் 0. பிரவுசரில் நூறு தடவை ஓட்டினேன், ஒரு பிசகும் இல்லை. சிப்பில் ஏற்றி மூன்றாம் இன்குபேட்டர் பெட்டியில் மாட்டினேன். சோதனைத் தாளில் கையெழுத்தும் நான்தான். "இப்பதான் நிம்மதி, சத்தமே இல்ல" என்றார் நர்ஸ்.

கொஞ்சம் தலைக்கனம்தான். இருக்கட்டுமே.

ஏப்ரல் 1

மூன்றாம் பெட்டிக் குழந்தை காலையில் அனலாய்க் கொதித்ததாம். அலாரம் அடிக்கவில்லையாம். போய்க் கதவைத் திறந்து, சென்சார்மேல் வெந்நீர்ப் பையை வைத்து மூடினேன். அடித்தது. மறுபடி பார்த்தேன். அடித்தது. "நீங்க கவனிக்காம விட்டிருப்பீங்க" என்றேன். நர்ஸ் முகம் சுருங்கிப்போனது.

ஏப்ரல் 4

அந்தக் குழந்தை போய்விட்டது. கிருமித் தொற்று என்று எழுதியிருக்கிறார்கள். அப்படித்தான் இருக்கும்.

ஏப்ரல் 10

அக்காவுக்கு எட்டாம் மாசமே பிரசவம். பெண். ஒண்ணரைக் கிலோ. மூன்றாம் பெட்டிதான் காலியாம். "நீ சரிபண்ண மெஷின்தானே?" என்று கேட்டாள்.

ஆமாம்னேன்.



ஏப்ரல் 12

மனசு கேட்காமல் காலையில் மறுபடி பிரவுசரைத் திறந்தேன். ஓரத்தில் 'தொடக்க நினைவகம்: தாறுமாறாக' என்று ஒரு ஆப்ஷன். இத்தனை நாள் கண்ணில் படவே இல்லை. அதை வைத்து ஓட்டினேன். அலாரம் ஊமை.

அடிப் பாவி நான். பிரவுசரில் பக்கம் திறந்ததும் எல்லாக் கட்டமும் 0. நிஜச் சிப்பில் கரண்ட் போய் வந்தால் கண்ட எண்ணும் கிடக்கும். 0 இல்லையென்றால் கதவு திறந்திருக்கிறது என்று அலாரம் அடங்கிவிடும். என் கட்டத்தை முதலில் 0 ஆக்க ஒரு வரி — ஒரே ஒரு வரி — எழுதவில்லை. யாராவது கதவைத் திறந்து மூடும்வரை அலாரம் ஊமைதான். சோதிக்கப் போன நான் முதலில் செய்ததே கதவைத் திறந்ததுதானே? அதனால்தான் எனக்கு மட்டும் அடித்தது.

கரண்ட் போய் வந்தால் இந்தப் பழைய பெட்டிகளின் ஹீட்டர் சில சமயம் சூட்டை ஏற்றிக்கொண்டே போகும். ஒன்றாம் தேதி விடிகாலை கரண்ட் போயிருந்தது. இன்றைக்குப் பத்து மணிக்கும். அப்போது பத்தே முக்கால்.

ஓடினேன். குழந்தை சிவந்து துவண்டு கிடந்தது. சத்தமே இல்லை. வாரி வெளியே எடுத்தேன்.

ஏப்ரல் 13

பிழைத்துக்கொண்டாள். தங்கச்சிதான் காப்பாத்தினா என்று அக்கா வார்டு முழுக்கச் சொல்கிறாள். தாங்க முடியவில்லை. ஒன்றாம் தேதிக் குழந்தையைப் பற்றியும் சேர்த்து எல்லாவற்றையும் அவளிடம் சொன்னேன். யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தாள். அப்புறம், "இது நம்ம ரெண்டு பேரோட இருக்கட்டும்டி" என்றாள்.

ஏப்ரல் 15

நடந்ததை எல்லாம் ஆஸ்பத்திரி நிர்வாகத்திடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். நர்ஸ்மேல் பழி போட்டதையும் எழுதினேன். அக்கா போனை எடுப்பதில்லை.

ஏப்ரல் 28

விசாரணை. எதிரே அந்த முதல் குழந்தையின் அம்மா. என்னைவிடச் சின்னவள். சிப், கட்டம், பூஜ்யம் எல்லாம் விளக்கினேன். அவள் அதைக் கேட்டமாதிரியே இல்லை. கடைசியில் ஒன்றுதான் கேட்டாள்.

"அதுக்கு ரொம்ப சுட்டிருக்குமா?"

சுட்டிருக்கும் என்றேன்.