எங்கள் ஆஸ்பத்திரியில் இல்லாத மருந்து

செவ்வாய், இரவு

பரமக்குடியில் நான் பில் போடும் தனியார் ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டி, இன்று காலை எங்கள் டாக்டரின் கார் நிற்காமல் போனது. உள்ளே அவரைப் பெற்ற அய்யா. மிளகாய்க் காட்டில் கண்ணாடி விரியன் கடித்துவிட்டதாம். நேராக கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள்.

எங்கள் மருந்துக் கடை அண்ணனிடம் கேட்டேன். "ஏண்ணே, இங்கன பாம்புக்கடி மருந்து இல்லையா?"

"வாங்கி வைக்க மாட்டாக. எப்பவாச்சும்தான் கேஸ் வரும். தேதி முடிஞ்சா குப்பையிலதான் போடணும். யாருக்கு நட்டம்?"

வாங்கிப் போட்டிருக்கிற ஸ்கேன் மிஷினுக்குத் தேதி முடிவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் அங்கே அவசர சிகிச்சை வார்டில் பெரியவரைப் பார்க்கப் போனேன். கால் வீங்கியிருந்தது, பேச்சு தெளிவாக இருந்தது. பக்கத்துக் கட்டிலில் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் ஆடு மேய்க்கிற ஓர் அம்மா. அவருக்கும் பாம்புக்கடி, அதே மருந்து.

பெரியவர் என்னைப் பார்த்ததும், "ஏம்மா, இங்கன பில் எங்க கட்டணும்?" என்றார்.

பழக்கதோஷத்தில் நானும் கவுண்டரைத் தேடினேன். நர்ஸ் சிரித்தார். "இங்கன கட்ட வேண்டியதில்லைய்யா."

அப்படியென்றால் யார் கட்டியது? திரும்பி வரும்போது கடையில் சோப்பு வாங்கினேன். ரசீதின் அடியில் ஜி.எஸ்.டி. வரி போட்டிருந்தது. ஆடு மேய்க்கிற அம்மாவும் சோப்பு வாங்குவார்தானே. அப்படியானால் எங்கள் டாக்டரின் அய்யாவுக்கு ஏறிய மருந்தில் அந்த அம்மாவின் காசும் இருக்கிறது.

அவரோ, பெரிய வீட்டு ஆள் பக்கத்தில் படுத்திருக்கிறோமே என்று, வார்டைவிட்டு நான் கிளம்பும்வரை கூசிக்கொண்டே இருந்தார்.