கழுத்தில் இரண்டு வெட்டுள்ள கொக்கி

என் அன்பு சேகரண்ணா,

இந்நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். பாப்பா மித்ரா இப்போதுதான் தூங்கினாள். பகலில் எழுதினால் அம்மா தாளைப் பிடுங்கிக் கிழித்துவிடுகிறாள்.

இன்று காலை காசிமேட்டில், உன் பட்டறையில் நீ அடித்த கொக்கி ஒன்றை உடைத்தேன். வலை இழுக்கும் கப்பியை ஒரு மீன்பிடி லாஞ்சில் அதில்தான் மாட்டியிருந்தார்கள். கழற்றித் தரச் சொல்லிக் கேட்டதற்கு, லாஞ்சை ஓட்டும் ஸ்ராங்கு சிரித்தார். "இன்னாம்மே, அண்ணன் பூட்டாருன்னு பழைய இரும்பு எடுக்க வந்துகினியா?" ஒரு சம்மட்டி மட்டும் கொடுங்கள் என்றேன். கரைக் கல்லில் வைத்து ஒரே அடி. இரண்டாகத் தெறித்து ஒரு துண்டு என் கன்னத்தைக் கிழித்துப் போனது. ஸ்ராங்கின் சிரிப்பு நின்றுவிட்டது. தன் தலைக்கு மேலே கப்பி தொங்கிய இடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

உனக்கு அண்ணாந்து பார்க்க நேரம் இருந்ததா?

ஏழுமலையின் லாஞ்சைக் கரையில் கட்டி வைத்து, கயிறு சுற்றும் புது வின்ச்சை ஓட்டிப் பார்த்தார்கள். நீ கப்பிக்குக் கீழே நின்றாயாம். கயிறு இறுகியது, கொக்கி முறிந்தது, இரும்புக் கப்பி உன் மார்பில் வந்து இறங்கியது. நான் ஓடி வந்தபோது உன் நெஞ்சு உள்ளே போயிருந்தது. கண் மட்டும் திறந்தபடி இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. நம் தெரு ஆட்கள் ஓனர் ஏழுமலையைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்தார்கள். "வின்ச்ச வேகமா வுட்டு எங்காள கொன்ட்டியேடா" என்று கத்திக்கொண்டே இரும்புக் கம்பியால் தாடையில் அடித்தார்கள். பல் கல்லில் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. ஒவ்வொரு அடிக்கும் என் வயிறு குளிர்ந்தது, அண்ணா. இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, இன்னும் அடிங்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அப்போதுதான் காலடியில் கிடந்த பாதிக் கொக்கியைக் குனிந்து எடுத்தேன். முறிந்த இடம் வெள்ளையாக, சர்க்கரை கொட்டியதுபோல மின்னியது. கொஞ்சம்கூட வளையவில்லை. நீ வழக்கமாக அடிக்கும் இரும்பாக இருந்தால் வாய் விரிந்து, பல்லைக் காட்டி, ஆளை எச்சரித்துவிட்டுத்தான் அறும். காலேஜில் உலோகம் படித்தவள் நான். பார்த்த நொடியில் புரிந்துவிட்டது. அங்கே இன்னும் அடித்துக்கொண்டிருந்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அந்த போன் உனக்கு நினைவிருக்கிறதா?

"இன்னா காலேஜு, ஒரு டவுட்டு. நம்ம கொக்கி லோடு ஏறுனா வாயத் தொறந்துக்குது. இன்னா பண்லாம்?"

"சிவக்கக் காச்சி தண்ணியில முக்குண்ணா, கெட்டியாயிடும். பாப்பாவுக்கு ஜுரம், அப்புறமா பேசறேன்."

"போ போ, புள்ளையப் பாரு. மீதிய நான் பாத்துக்கறேன்."

மித்ரா கையில் நெருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தாள். என்ன இரும்பு என்று நான் கேட்கவில்லை. நீ சாத்தாங்காடு இரும்புச் சந்தையிலிருந்து லாரி ஸ்பிரிங் பட்டை வாங்கி வந்ததை நீயும் சொல்லவில்லை. வழக்கமாக நீ அடிக்கும் சாதாரண இரும்பைத் தண்ணீரில் முக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது. ஸ்பிரிங் பட்டை வேறு. அதில் கரி கூடுதல், மாங்கனீசும் சிலிக்கானும் கலந்திருக்கும். அந்தக் கலவைதான் சூட்டை வாங்கும் விதத்தை மாற்றுகிறது. சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் அது கண்ணாடியாகிவிடும். பிறகு இளஞ்சூட்டில், சிவக்க விடாமல், மறுபடி காய வைத்தால்தான் தாங்கும் குணம் வரும். இது நான் பரீட்சையில் எழுதி முழு மதிப்பெண் வாங்கிய பதில். உனக்கு அதில் பாதியைத்தான் சொன்னேன்.

நாலு நாள் கழித்து நீயே கூப்பிட்டாய். "மணி மாரி சத்தம் குடுக்குது காலேஜு. பன்னெண்டு கொக்கியும் சூப்பரு. ஏழுமலைக்கு ஒண்ணு குட்த்துட்டேன்." நானும் சிரித்தேன். இரும்பு கண்ணாடியாகிவிட்டது என்று அந்தச் சத்தமே எனக்குச் சொல்லியிருக்க வேண்டாமா?

நீ போன மூன்றாம் நாள் அம்மாவிடம் சொன்னேன். காதோடு சேர்த்து அறைந்தாள். இன்னும் அந்தப் பக்கம் சரியாகக் கேட்கவில்லை. "செத்தவன மறுபடி சாவடிக்கிறியாடி? ஊரு அவனத்தான் காறித் துப்பும். வாய மூடிக்கினு கெட." நான் சொன்னது என் தப்பைத்தான். அவளுக்கு உன் பெயர் மட்டும்தான் கேட்டது.

இருந்தும் ஏழுமலை வீட்டுக்குப் போனேன். தாடையைக் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள், கஞ்சியைக் குழாயில் உறிஞ்சுகிறார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் மனைவி என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினாள். "உன் படிப்புக்கு எங்க வூட்டுக்காரரு பல்லு போணுமா? அன்னிக்கு நின்னு பாத்துகினு தானே இருந்தே?" நான் தடுக்கவில்லை. அவள் கேட்டது சரிதானே? மித்ரா மூச்சு நின்றதுபோல வீறிட்டாள். அதற்குத்தான் அவர் மனைவி கையை எடுத்தாள். எடுத்த கையோடு பிள்ளையைத் தூக்கித் தட்டிக்கொடுத்தாள். ஏழுமலை எழுந்து வந்து, எந்தெந்த லாஞ்சில் உன் கொக்கியைப் பார்த்தார் என்று தாளில் எழுதிக் கொடுத்தார்.

அந்தத் தாளை வைத்துக்கொண்டுதான் லாஞ்சு லாஞ்சாக ஏறி இறங்குகிறேன். மீன் கூடைக்காரிகள் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்துகிறார்கள். நம் தெருவில் யாரோ கதவில் சாணியடித்தார்கள். ஏழுமலையை அடித்தவர்களுக்குத்தான் என்மேல் கோபம் அதிகம்.

பன்னிரண்டில் ஒன்று உன்னைக் கொன்றது. எட்டை உடைத்துவிட்டேன். மூன்றைக் காணவில்லை. ஒரே ஆள் மூன்றையும் வாங்கிப் போனாராம், எந்த ஊர், எந்தப் படகு என்று பட்டறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. மித்ரா தூக்கத்தில் சிணுங்கினால்கூட, எங்கோ கயிறு இறுகுவதுபோல எழுந்து உட்கார்கிறேன். அந்தக் கப்பிக்குக் கீழே யார் நிற்கிறார்கள், அண்ணா? அவருக்கும் ஒரு தங்கை இருப்பாளா?

அதனால்தான் இந்தக் கடிதத்தை உன் படத்துக்குக் கீழே வைக்காமல் பத்திரிகைக்குக் கொடுக்கிறேன். உன் பெயர் கெட்டால் அதோடு என் பெயரும் கெடட்டும். அந்த மூன்றும் கிடைக்கும்வரை உன் பட்டறையை விற்க விடமாட்டேன். கிடைத்த அன்று உன் பட்டறைக் கல்லில் வைத்து, உன் சம்மட்டியாலேயே மூன்றையும் உடைப்பேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

இதைப் படிக்கும் படகுக்காரர்களே, கப்பி மாட்டும் கொக்கியைப் பாருங்கள். கழுத்தில் உளியால் போட்ட இரண்டு வெட்டு இருந்தால் அது என் அண்ணன் செய்தது. கீழே யாரும் நிற்க வேண்டாம். கழற்றி வைத்துவிட்டு, இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதுங்கள். சீக்கிரம் எழுதுங்கள்.

உனக்குப் பாதி பதில் சொன்ன தங்கச்சி,
காலேஜு என்கிற ரேவதி